இருபது சங்கிலி ஒரு சுற்று

எங்கள் பேட்டையில் அதைக் 'கிளப்பு' என்றுதான் சொல்வார்கள். அல்சூருக்கும் மர்பி டவுனுக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை, அதன் முன்னால் ஒரு மைதானம். வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த நாளில் ஆரம்பித்த அத்லெடிக் கிளப். பட்டாளம் கப்பலேறிய பிறகு ஓடுகிறவர்கள் குறைந்து உட்காருகிறவர்கள் அதிகமானார்கள். நான் முதன்முதலாக அங்கே போனபோது கொட்டகைக்குள் நான்கு மேஜைகளில் ரம்மி நடந்துகொண்டிருந்தது. மைதானத்தில் ஒரு சலவைக்காரர் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார். அந்த இடத்தில் சுறுசுறுப்பாக இருந்தவை அந்தத் துணிகள்தான்.

நான் விளையாட்டுக்காரன் அல்ல. பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்தால்கூட நடந்து வெளியே வந்தவன். நில அளவைத் துறையின் பதிவறையில் எனக்கு வேலை. நிலத்தை வெயிலில் அளந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கொண்டுவந்த காகிதத்தைத் தைத்து, எண் போட்டு, அலமாரியில் ஏற்றி, பிறகு யாராவது கேட்டால் கிடைக்கவில்லை என்று எழுத்துமூலம் தெரிவிப்பது என் பொறுப்பு. எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை நகல், எந்தக் கடிதத்துக்கு எத்தனை நாள் கெடு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த மாதிரி அறிவு உள்ளவனை ஊரில் யாரும் விருந்துக்குக் கூப்பிட மாட்டார்கள். நோட்டீஸ் வந்தால் கூப்பிடுவார்கள்.

கிளப்புக்கு நோட்டீஸ் வந்திருந்தது. மைதானம் விளையாட்டுக்காகக் குத்தகைக்கு விடப்பட்டது, அங்கே விளையாட்டு நடப்பதாகத் தெரியவில்லை, ஆகவே லாரிகள் நிறுத்த எடுத்துக்கொள்ளலாமா என்று கார்ப்பரேஷன் கேட்டிருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் தலைவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசையும் முதுகும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"நீங்க சர்வே ஆபீஸ்தானே? கானூன், சட்டம் எல்லாம் தெரிஞ்ச ஆளுன்னு சொன்னாங்க."

"கொஞ்சம் தெரியும்."

"அப்ப இதுக்கு ஒரு பதில் போடுங்க. நல்லா சூடா போடுங்க. நாங்க ஜெர்மன்காரனையே பாத்தவங்கன்னு எழுதுங்க."

ஜெர்மன்காரர்களைப் பற்றிக் கார்ப்பரேஷனுக்கு எழுதி ஒன்றும் ஆகாது என்று அவருக்கு விளக்கினேன். பொதுக்குழு கூட்டி, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தீர்மானத்தோடு பதில் எழுத வேண்டும். பொதுக்குழுவுக்குக் குறைந்தது பதினைந்து பேர் வேண்டும். ரம்மி மேஜைகளில் பதினாறு பேர் இருந்தார்கள், ஆனால் யாரும் எழுந்து வரத் தயாராக இல்லை. உறுப்பினர் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது, சீட்டைக் கீழே வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கொட்டகையின் நடுவில் நின்று, சுபேதார் பெயர்களை நிரப்பிக் கொடுத்த தீர்மானத்தைப் படித்தேன். ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன். ஒருவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு "டிராப்" என்றார். ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டேன். அந்தத் தீர்மானப்படி கிளப்பின் காரியதரிசி நான்தான் என்பதைப் படித்து முடித்த பிறகுதான் கவனித்தேன்.

அப்படித்தான் அந்தச் சனியன் என் தலையில் ஏறியது. இரண்டு வருஷம் சாயங்காலமும் ஞாயிறும் அதற்கே போயின. லாரிக்காரர்களைத் தள்ளிவைத்தேன். சலவைக்காரருக்கு மைதானத்தின் ஓரத்தை எழுதிக்கொடுத்தேன். பேட்டையிலிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். மில்லுக்குப் போகிறவர்கள், தச்சுப் பட்டறையில் இருந்தவர்கள், கோயில் தெருப் பிள்ளைகள், சர்ச்சுப் பக்கத்துப் பிள்ளைகள். முப்பது பேர் சேர்ந்தார்கள். சுபேதார் அவர்களை விரட்டி ஓட வைத்தார், நான் அவர்கள் பெயர்களை ரிஜிஸ்தரில் ஏற்றினேன். உற்சாகமாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்குக் கால் வலித்தது. அலுவலகத்தில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இரண்டு குடும்பம் ஏற்கெனவே இருந்தது, இது மூன்றாவது.

நகரத்து கிளப்புகளுக்கெல்லாம் மேலே ஒரு சங்கம் உண்டு. அந்தச் சங்கத்தில் சேர்ந்தால்தான் எங்கள் பிள்ளைகள் வருஷாந்திரப் போட்டியில் ஓட முடியும். சேர வேண்டுமென்றால் முறைப்படி அளந்த ஓடுபாதை வேண்டும், ஒரு சுற்று நானூற்று நாற்பது கெஜம். அதுவரை எங்கள் பிள்ளைகள் சுபேதாரின் கைத்தடியால் அளந்த சுற்றில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் சர்வே ஆபீஸ்காரன். என் கிளப்பின் பாதையைக் கைத்தடியால் அளப்பது எனக்கு மானக்கேடாகப் பட்டது.

சிறுவயதில் வாய்ப்பாட்டில் படித்ததுதான். இருபத்திரண்டு கெஜம் ஒரு சங்கிலி, பத்துச் சங்கிலி ஒரு பர்லாங்கு, எட்டுப் பர்லாங்கு ஒரு மைல். அப்படியானால் இருபது சங்கிலி ஒரு சுற்று, நான்கு சுற்று ஒரு மைல். கணக்கு இவ்வளவு அழகாக அமைவது அரசாங்கக் காரியத்தில் அபூர்வம். ஒரு சனிக்கிழமை ஆபீஸ் ஸ்டோருக்குச் சீட்டு எழுதி, மேலதிகாரியின் கையெழுத்து வாங்கி, நிலம் அளக்கிற சங்கிலி ஒன்றை எடுத்துக்கொண்டேன். பித்தளைக் கைப்பிடியோடு புத்தம்புதிதாக இருந்தது. சங்கிலி இழுக்கிற செயின்மேன் ஒருவரை ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கும் தோசைக்கும் வரச் சொன்னேன். உள்கோட்டின் மேல் அளக்கக் கூடாது, அதிலிருந்து ஓரடி தள்ளித்தான் அளக்க வேண்டும் என்ற விதிகூட எனக்குத் தெரியும். அதையும் விடவில்லை. முளை அடித்து, கயிறு வளைத்து, இருபது சங்கிலி எண்ணி, சுண்ணாம்புக் கோடு போட்டோம். சாயங்காலம் சுபேதார் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "பரேட் கிரவுண்டு மாதிரி இருக்குது சார்" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு.

அந்தப் பாதையில் எங்களுக்கு ஒரு மைல் ஓட்டக்காரன் கிடைத்தான். பத்தொன்பது வயது. விடியற்காலை நாலு மணிக்கு பேக்கரியிலிருந்து ரொட்டிக் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கண்டோன்மென்ட் பங்களாக்களுக்குப் போட்டுவிட்டு, ஏழு மணிக்கு மைதானத்துக்கு வருவான். அதிகம் பேச மாட்டான். ஓடும்போது மூச்சுச் சத்தம்கூட வராது. பக்கத்தில் ஓடுகிறவர்களுக்கு அதுவே எரிச்சல். அப்பா இல்லை. அம்மா பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. கீழே இரண்டு தங்கைகள்.

அந்த அம்மாள் ஒருநாள் டியூட்டிப் புடவையோடு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சார், ஒண்ணு நேரா சொல்லுங்க. இந்த ஓட்டத்துல வேலை கெடைக்குமா, கெடைக்காதா?"

"உட்காருங்கம்மா."

"உக்காந்தா தூக்கம் வந்துடும் சார், ராத்திரி டியூட்டி. சுபேதாரு தினம் ரெண்டு முட்டை குடுக்கணும்ங்கறாரு. நானும் குடுக்கறேன். அந்தப் பொம்பளைப் புள்ளைங்க ரெண்டும் தட்டைப் பாத்துகினு உக்காந்திருக்குதுங்க. முட்டை தின்னுட்டு கடசீல ரொட்டிதான் போடப் போறான்னா இப்பவே சொல்லிடுங்க."

ஊருக்கு வெளியே புதிதாக ஒரு அரசாங்கத் தொழிற்சாலை வந்திருந்தது. தன் ஓட்டக் கோஷ்டிக்கு ஆள் சேர்த்து, அவர்களுக்கு நிரந்தர வேலையும் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் விளையாட்டு அதிகாரி வருஷாந்திரப் போட்டிக்கு வந்துதான் ஆள் பொறுக்குவார். இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொன்னேன்.

"பொறுக்குவாரா?"

"இவன் ஓட்டத்துக்கு நிச்சயம் பார்ப்பார்."

"பாக்கறது வேற சார், பொறுக்கறது வேற. சரி. நீங்க எழுதறதை நல்லா எழுதுங்க."

நான் நன்றாகத்தான் எழுதினேன். போட்டிக்குப் பெயர் கொடுக்க, சொந்த மைதானத்தில் மைலை நான்கு நிமிஷம் முப்பத்திரண்டு வினாடிக்குள் ஓடியதாகக் காரியதரிசி சான்று தர வேண்டும். மூன்று கடிகாரங்களை வைத்துச் சாட்சியோடு ஓட விட்டோம். நான்கு நிமிஷம் இருபத்தொன்பது வினாடி. சீட்டாடுகிறவர்கள் பாதிப் பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். அந்தக் கொட்டகையின் சரித்திரத்தில் அது நடந்ததில்லை. சான்றிதழில் நேரத்தை எழுதி, அதன் கீழே 'நில அளவைத் துறையின் சங்கிலியால் அளக்கப்பட்ட பாதை' என்று ஒரு வரியும் சேர்த்தேன். யாரும் கேட்காத வரி. பெருமைக்கு எழுதினேன்.

பெயர் கொடுக்கும் கெடு முடிந்த மறுநாள் சங்கத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. கோப்பில் வைப்பதற்காக, பாதையை அளந்த கருவியின் பெயரும் எண்ணும் வேண்டுமாம். நான் சேர்த்த அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்கள். சங்கிலியின் எண்ணை எழுதிக்கொள்ள ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்கீப்பர் கன்னடக்காரர். எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். ரிஜிஸ்தரைத் திருப்பி எண்ணைச் சொன்னார். பக்கத்துக் கட்டத்தில் என்னவோ எழுதியிருந்தது. குனிந்து பார்த்தேன். இருபது மீட்டர்.

"இது என்ன சாமி?"

"புதுசு சார். மீட்டர் செயினு. கவர்மெண்டு எல்லாத்தையும் மீட்டருக்கு மாத்துதில்லா, மொத லோடு வந்திச்சு. பழைய அறுபத்தாறடி செயினெல்லாம் ரிப்பேருக்குப் போயிருந்திச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல்லியே சார். சீட்டுல 'சங்கிலி ஒன்று'ன்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணு குடுத்தேன். சைன் இருக்குது நோடி, பாருங்க."

என் கையெழுத்துத்தான். முத்து முத்தாக இருந்தது. நான் ஒருநாளாவது வெயிலில் நின்று நிலம் அளந்திருந்தால் கைப்பிடியைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். செயின்மேனுக்குத் தெரிந்திருக்குமே என்று பிறகு அவரைக் கேட்டேன். "தெரியும் சார், நீங்க ஆபீசரு, எண்ணுன்னீங்க, எண்ணினேன்" என்றார்.

ஸ்டோர் மேஜையிலேயே கணக்குப் போட்டேன். ஒரு சங்கிலிக்கு ஐந்து அங்குலம்கூடக் குறைவில்லை. ஆனால் இருபது சங்கிலி ஒரு சுற்று, நான்கு சுற்று ஒரு மைல். எங்கள் மைல் பத்து கெஜம் குட்டை. அவன் ஓட்டத்துக்குப் பத்து கெஜம் ஒன்றரை வினாடி. அதாவது அவன் இருபத்தொன்பதில் ஓடவில்லை, முப்பதரையில் ஓடியிருக்கிறான். சில வருஷம் கழித்து எல்லா ஓடுபாதைகளும் நானூறு மீட்டராக மாறியபோது எங்கள் பாதைதான் சரியாக இருந்தது. அரசாங்கத்தை முந்திக்கொண்டு நான் செய்த ஒரே காரியம் அது. அன்றைக்கு அது உதவவில்லை.

முப்பதரையும் முப்பத்திரண்டுக்குள்தான். உண்மையான நேரத்தை எழுதியிருந்தாலும் அவனுக்கு இடம் கிடைத்திருக்கும். ஆனால் விதி எனக்குத் தெரியும். கெடுவுக்குப் பிறகு திருத்திய சான்று புது விண்ணப்பமாகக் கருதப்படும், புது விண்ணப்பம் கெடு தாண்டியதால் நிராகரிக்கப்படும். நான் உண்மையை எழுதினால் அவன் போட்டியிலேயே இருக்க மாட்டான். விதி தெரியாத ஒரு மனிதன் பதறிப் போய் அந்தச் சங்கத்துக் காரியதரிசியின் வீட்டுக்கே போய்ச் சொல்லியிருப்பான், அவரும் மனிதர்தானே, ஏதாவது வழி பிறந்திருக்கும். எனக்கு அது தோன்றவில்லை. படிவத்தை நிரப்பினேன். கருவி: சங்கிலி. எண்: இன்னது. கேட்டது அவ்வளவுதான். அதில் ஒரு பொய்யும் இல்லை.

போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. தினமும் காலையில் அவன் அந்தக் குட்டைப் பாதையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியோ அப்படியோ தகுதிக்குள்தான் இருக்கிறான், யாருக்கும் நஷ்டமில்லை என்று எனக்கே ஒரு குறிப்பு எழுதி, எனக்கே ஒப்புதல் கொடுத்துக்கொண்டேன்.

போட்டியன்று நல்ல வெயில். பெரிய மைதானம், சரியான பாதை. தொழிற்சாலை அதிகாரி பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாருடைய சான்று நேரமும் தட்டச்சு செய்த ஒரு தாளை மடியில் வைத்திருந்தார். நானும் சுபேதாரும் பந்தலின் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றோம். அம்மா டியூட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தார். பெண்கள் இரண்டையும் கூட்டிவந்து வேலிக்கு வெளியே நின்றார்.

மைலில் எட்டுப் பேர். எங்களவன் மூன்றாவது சுற்றுவரை பின்னாலிருந்து, கடைசிச் சுற்றில் ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டு இரண்டாவதாக வந்தான். நான்கு நிமிஷம் முப்பது வினாடி. எனக்கு மட்டும் அதன் அர்த்தம் தெரியும். தன் வாழ்நாளில் அவன் ஓடிய மிக நல்ல மைல் அது. முன்பு ஓடியதைவிட அரை வினாடி குறைவு.

அதிகாரி தாளைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் கன்னடத்தில் சொன்னார். வீட்டு மைதானத்தில் இருபத்தொன்பது, நாலு பேர் கூடிய இடத்தில் முப்பது, கூட்டத்தைக் கண்டால் கால் கூசுகிற பையன், நமக்கு ஆகாது. மூன்றாவதாக வந்தவன் பெயருக்கு எதிரே கோடு போட்டார். அவன் முப்பத்தொன்றில் ஓடியிருந்தான். அவனுடைய சான்று நேரம் முப்பத்திரண்டு. அவன் போட்டியில் ஏறுகிறவன், எங்களவன் இறங்குகிறவன். தாள் அப்படித்தான் சொன்னது. தாளை எழுதியவன் நான்.

அப்போதே கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம். போகவில்லை. முன் அனுமதி இல்லாமல் பந்தலுக்குள் நுழையக் கூடாது என்று எழுதியிருந்தது.

"பயந்துட்டே" என்றார் சுபேதார், அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது. "அரே, வீட்டுல புலி, வெளியில பூனை. என்னாடா ஆச்சு உனக்கு?"

"காலு நல்லாத்தான் இருந்துச்சு ஐயா."

"காலு நல்லா இருந்தா டைமு எங்கடா போச்சு? பேக்கரில வெச்சுட்டு வந்தியா?"

அவன் என்னைப் பார்த்தான். "எப்படி கொறஞ்சுதுன்னு புரியல சார். இதுக்கு மேல என்னால ஓட முடியாது சார்." அலுப்பில் சொன்ன வார்த்தை அல்ல. கணக்கு ஒப்பித்தான்.

அந்த வாரம் அவன் மைதானத்துக்கு வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. மற்றப் பிள்ளைகளிடம் கேட்டேன். ஓடுவதை விட்டுவிட்டானாம், தனக்கு நெஞ்சில் உரமில்லை என்று சொல்கிறானாம். மார்க்கெட்டில் அவன் அம்மாவைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் முட்டைக்காரரோடு பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"எங்கிட்ட வாயே தொறக்க மாட்டேங்கறான் சார். வேலை போனா போகுது, ஏழைக்கு வேலை வரதும் போறதும் புதுசா? ஆனா அவன் தன்னையே ஒரு மாதிரியா பாத்துக்கறான். நேத்து சின்னவகிட்ட, நான் பயந்தாங்கொள்ளின்னு சொல்றான். அவன் அப்படியில்ல சார். பொறந்ததுலேந்து அப்படியில்ல."

அரை மணியில் மறந்துவிடக்கூடிய பேச்சு அல்ல அது. அந்தச் சனிக்கிழமை ஸ்டோரிலிருந்து இரண்டு சங்கிலி எடுத்தேன். இந்த முறை சீட்டில் இன்ன இன்ன சங்கிலி என்று விவரமாக எழுதினேன். ஆள் அனுப்பி அவனை வரச் சொன்னேன். ஞாயிறு காலையில் ரொட்டி போட்டுவிட்டுச் சைக்கிளோடு வந்தான். சுபேதாரும் இருந்தார். சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு சங்கிலிகளையும் ஒன்றையொட்டி ஒன்று நீட்டிப் போட்டு, ஒரு முனையைச் சேர்த்துப் பிடித்தேன். மறுமுனையை அவனைப் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

போய்க் குனிந்து பார்த்தான். விரலை விரித்து வைத்து அளந்தான்.

"இது கொஞ்சம் நீளம் சார்."

"நீளமானது பழசு, மைலுக்கு அதுதான் சரி. நான் கோடு போட்டது குட்டையானதால. இருபது தடவ, நாலு சுத்து. நம்ம மைலுல பத்து கெஜம் குறைச்சல்."

அவன் நின்றபடியே கணக்குப் போடுவது தெரிந்தது. ரொட்டிக் கணக்கு வைக்கிறவன், வேகமாகப் போட்டான்.

"அப்ப இங்க ஓடினது இருபத்தொம்போது இல்ல."

"முப்பதரை."

"அங்க முப்பது."

"ஆமா."

"அப்ப அங்க நான் நல்லாத்தான் ஓடியிருக்கேன்."

"எப்பவும் ஓடினதைவிட நல்லா ஓடின."

சுபேதார் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவன் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும் சார்?"

"போட்டிக்குப் பத்து நாள் முன்னாடி."

கொட்டகையிலிருந்து சீட்டுக் கலைக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எழுதிக் குடுப்பீங்களா?" என்றான்.

"என்ன எழுதணும்?"

"இதைத்தான். அந்த ஆபீசருக்கு. சங்கத்துக்கும்."

சுபேதார் குறுக்கே வந்தார். "டேய், யோசிச்சுப் பேசு. சங்கத்துக்கு எழுதினா கிளப்பை ஒரு வருஷம் தூக்கிடுவான். முப்பது பேரு ஓடறானுங்க. எல்லார் டைமும் பொய்யாப் போயிடும். ஆபீசரு அந்த வேலைய எவனுக்கோ குடுத்தாச்சு, உனக்கு என்னா கெடைக்கும்?"

"எனக்கு ஒண்ணும் கெடைக்காது ஐயா. ஆனா நான் பயந்தேன்னு அங்க எழுதி வெச்சிருக்காங்க இல்ல."

"எழுதல. வாயால சொன்னான்."

"வாயால சொன்னது எல்லாருக்கும் தெரியும். இதுவும் தெரியட்டும்."

சுபேதார் என்னைப் பார்த்தார். கிளப்பின் பக்கம் நான் பேசுவேன் என்று எதிர்பார்த்தார். பேச எனக்கு விஷயம் இருந்தது. முப்பது பேர் என்பது ஒருவரைவிட அதிகம், இது வாய்ப்பாடு. ஆனால் அந்த முப்பது பேரில் எவனும் தன்னைக் கோழை என்று தங்கையிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், சாப்பிடாமல், இரண்டு கடிதங்கள் தட்டச்சு செய்தேன். தவறு என்னுடையது, தெரிந்த தேதி இன்னது, தெரிந்தும் தெரிவிக்கவில்லை, ஓட்டக்காரனுக்கோ தலைவருக்கோ இதில் பங்கு இல்லை. என் வேலைக்காலத்தில் செயப்பாட்டுவினை இல்லாமல் நான் எழுதிய கடிதங்கள் அவை இரண்டுதான். சங்கத்துக் கடிதத்தோடு என் ராஜினாமாவையும் வைத்தேன்.

சங்கத்தின் பதில் முதலில் வந்தது. சுபேதார் சொன்ன மாதிரியே ஒரு வருஷம் நிறுத்திவைத்தார்கள். ராஜினாமா அந்த மாதக் கடைசியில் அமலுக்கு வரும் என்றும் எழுதியிருந்தது. பிள்ளைகளில் நாலைந்து பேர் என்னைத் தெருவில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பினார்கள். "சார், என் டைமு எவ்வளவு சார் இப்ப?" என்று நூறு கெஜம் ஓடுகிற ஒருவன் மட்டும் நின்று கேட்டான். நூறு கெஜத்துக்கு அரை கெஜம்தான் வித்தியாசம் என்றேன். "அதுவும் போச்சா" என்று சொல்லிவிட்டுப் போனான். பழைய சங்கிலியை வைத்து நானும் சுபேதாரும் மறுபடி கோடு போட்டோம். அவர் என்னோடு பேசாமலே முளை அடித்தார்.

தொழிற்சாலையின் பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. அதை எடுத்துக்கொண்டு காலையில் பேக்கரித் தெருவுக்குப் போனேன். கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன சார் போட்டிருக்காங்க?"

"நம்ம கடிதம் கிடைச்சுதாம். கோப்புல வெச்சிருக்காங்களாம்."

"அப்படின்னா?"

அந்த வாக்கியத்தை நானே ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். "இனிமே யாரும் அதைப் படிக்க மாட்டாங்கன்னு அர்த்தம்."

"ஆனா அங்க இருக்கும்."

"இருக்கும். எலி தின்னாம இருந்தா."

அவன் சிரிக்கவில்லை, ஆனால் கோபமும் தெரியவில்லை. கூடையின் மேல் துணியை இழுத்து மூடினான்.

"சார், வேற கிளப்புல சேரணும்னா இங்கேருந்து ஒரு காகிதம் வேணுமாமே. நம்ம கிளப்பு அடுத்த வருஷம் ஓட முடியாது இல்ல."

ஆட்சேபணை இல்லை என்ற சான்று. அதற்கு உறுப்பினர் எழுத்துமூலம் கேட்க வேண்டும், செயற்குழு கூட வேண்டும், தீர்மானம் ஆக வேண்டும். செயற்குழு என்னோடு பேசுவதில்லை. என் ராஜினாமா அமலுக்கு வர நான்கு நாள் இருந்தது. தொழிற்சாலைக் கடிதத்தின் உறையைக் கிழித்து விரித்து, அதன் உள்பக்கத்தில், பேக்கரிச் சுவரில் வைத்து எழுதினேன். இவர் எந்தக் கிளப்பிலும் சேரலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. இவருடைய மைல் நேரம் நான்கு நிமிஷம் முப்பது வினாடி, சரியான பாதையில். முத்திரை இல்லை, எண் இல்லை. கையெழுத்தும் சுவர் சொரசொரப்பில் கோணலாக விழுந்தது.

அவன் வாங்கிப் படித்தான். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், நேரம் ஆயிற்று. நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"இதை ஒத்துக்குவாங்களா சார்?"

"ஒத்துக்கலைன்னா என்னை வந்து கேக்கச் சொல்லு."

சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினான். கிளம்பும் முன் திரும்பாமலே சொன்னான்.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க வீட்டுக்கு வர வேணாம்."

சரி என்றேன். பங்களாக்கள் இருந்த பக்கமாக மிதித்துப் போனான். எனக்கு ஆபீசுக்கு நேரமாகியிருந்தது. தாமதத்துக்கு விளக்கம் எழுதித் தர வேண்டியிருக்கும், என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நின்றேன்.